ஆறிவிட்டதாகத் தோன்றும் செவி

தீபாவளி நாளில் அணுகுண்டு வெடியொன்று மிக அருகில் வெடித்துவிட்டால் காது அடைத்துக்கொள்வதும், பக்கத்தில் நிற்பவரின் பேச்சு எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்பதும், உள்ளே 'கொய்ங்' என்ற ரீங்காரம் விடாமல் ஒலிப்பதும், மறுநாள் காலையில் இவையெல்லாம் மறைந்து செவி பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதும் பலரும் அறிந்தவை. அடிபட்ட உறுப்பு ஓர் இரவில் ஆறிவிட்டது என்றே எவரும் முடிவு செய்வர். மருத்துவமும் நெடுங்காலம் இதே முடிவில்தான் இருந்தது. கருவி கொண்டு அளந்து பார்த்தபோதும் கேட்கும் திறன் முன்பிருந்த அளவுக்கே மீண்டிருந்ததால், அதை ஐயுறக் காரணம் எதுவும் தென்படவில்லை. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது 2009ஆம் ஆண்டில்தான். செவியில் எது மீள்கிறது, எது மீளாமலே போகிறது என்பதை விளங்கிக்கொள்ள, உரத்த ஒலி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒலி என்பது காற்றழுத்தம் நொடிக்குப் பல முறை சற்றே கூடிச் சற்றே குறைவதுதான். கடல் மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 1,01,325 பாஸ்கல். நலமான இளஞ்செவி உணரக்கூடிய மிக மெல்லிய ஒலியில் இந்த அழுத்தம் ஒரு பாஸ்கலின் பத்து லட்சத்தில் இருபது பங்கு அளவுக்கே ஏறி இறங்குகிறது. காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு. செவியில் வலியை எழுப்பத் தொடங்கும் ஒலியின் அழுத்தமோ இந்த மெல்லிய ஒலியைவிடப் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் செல்லும். அது சுமந்து வரும் ஆற்றல் லட்சம் கோடி மடங்கு. இத்தனை அகன்ற எல்லையைச் சாதாரண எண்களில் எழுதுவது கடினம் என்பதால், 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனப் பொறியாளர்கள் மடக்கை முறையில் அமைந்த டெசிபெல் என்னும் அலகை ஏற்படுத்தினர். மடக்கை அளவுகோலில் ஒவ்வொரு படியும் கூட்டலைக் குறிப்பதில்லை, பெருக்கலைக் குறிக்கிறது: 10 டெசிபெல் கூடினால் ஆற்றல் பத்து மடங்காகிறது, 20 கூடினால் நூறு மடங்காகிறது, வெறும் 3 கூடினாலே ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. 90க்கும் 100க்கும் உள்ள இடைவெளி தாளில் சிறியதாகத் தெரிவதே இந்த அலகினால் விளையும் பெரிய மயக்கம். இந்தியாவில் 1999இல் அறிவிக்கப்பட்ட விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலைத் தாண்டும் வெடிகளைத் தடை செய்கிறது. திறந்த வெளியில் தொலைவு பாதியாகும்போதெல்லாம் ஒலியழுத்தம் இரு மடங்காகி அளவு 6 டெசிபெல் ஏறும் என்பதால், விதிக்கு முழுவதும் உட்பட்ட வெடியேகூட, பற்றவைத்துவிட்டு ஒரு மீட்டர் தொலைவிலேயே நின்றுவிடும் குழந்தையின் செவியில் 12 டெசிபெல் கூடுதலாக, அதாவது ஏறத்தாழ பதினாறு மடங்கு ஆற்றலோடு இறங்குகிறது.

ஒலிக்கு மேல்வரம்பு உண்டா என்ற கேள்வியும் இங்கே எழும். காற்றில் பரவும் ஒழுங்கான ஒலியலைக்கு அப்படியொரு வரம்பு உண்டு. அழுத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் கூடலாம். ஆனால் குறைவதற்கு வெற்றிடமே எல்லை. அலையின் இறக்கத்தில் அழுத்தம் சுழியைத் தொட்டுவிடும் நிலை ஏறத்தாழ 194 டெசிபெல். அதற்கு அப்பால் செல்வதை ஒலி என்பதைவிட அதிர்ச்சி அலை என்பதே பொருத்தம்: காற்றை வெறுமனே அசைத்துவிட்டுப் போகாமல் சுவராகத் தள்ளிக்கொண்டு ஒலியைவிட விரைவாக முன்னேறும் அலை அது.

மனிதர் பதிவு செய்தவற்றுள் இந்த எல்லையை நெருங்கியும் கடந்தும் சென்ற நிகழ்வுகளில் முதலாவதாகச் சொல்லத்தக்கது, 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரக்கத்தோவா எரிமலைத் தீவு சிதறியதாகும். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் பத்தாவியா நகரின் எரிவாயு ஆலையிலிருந்த அழுத்தமானி அப்போது காட்டிய ஏற்றத்தைக் கணக்கிட்டால் 172 டெசிபெல் வருகிறது. சுந்தா நீரிணைக்கருகே சென்றுகொண்டிருந்த நோரம் காசில் என்னும் பிரித்தானியக் கப்பலின் தலைவர், தம் மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் செவிப்பறைகள் கிழிந்துவிட்டதாகக் குறித்துவைத்தார். இந்தியப் பெருங்கடலின் மறுபுறம், ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரொட்ரிகஸ் தீவின் காவல்துறைத் தலைவர், கிழக்குத் திசையில் பீரங்கி முழங்குவதுபோல் கேட்டதாக எழுதினார். அவர் கேட்டது ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு முன் எழுந்த ஒலி. உலகெங்கும் வானிலை நிலையங்களில் ஓடிக்கொண்டிருந்த அழுத்தப் பதிவுத் தாள்களையெல்லாம் லண்டன் ராயல் சங்கம் திரட்டி ஆராய்ந்து 1888இல் வெளியிட்ட அறிக்கையால்தான், அந்த அலை பூமியை மீண்டும் மீண்டும் சுற்றி வந்தது தெரியவந்தது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. அந்த அழுத்த அலை சென்னையைக் கடந்தபோது அங்குள்ள கருவிகளில் பதிவாயிற்று. ஆனால் அங்கே கடந்தது செவிக்குப் புலப்படாத மிக மெதுவான ஏற்ற இறக்கம். உரப்பு மட்டுமன்றி, அலை எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதும் சேர்ந்தே ஒலியின் தாக்கத்தை முடிவு செய்கிறது.

இத்தகைய பேரொலிகளுக்காகச் செவி உருவாகவில்லை. அதன் அமைப்பு முழுவதும் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் காட்டுவதற்கே ஏற்பட்டது. ஒலியை உணரும் செல்கள் உட்செவியில் திரவத்துக்குள் இருக்கின்றன. காற்றில் வரும் ஒலியோ நீர்ப்பரப்பில் பட்டதும் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். குளத்தில் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் பேசுவோரின் குரல் எட்டாமல் போவது இதனால்தான். இந்த இழப்பை ஈடுகட்டவே நடுச்செவி அமைந்திருக்கிறது. அகன்ற செவிப்பறையில் விழும் விசையைச் சுத்தி, பட்டை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் கடத்திச் சென்று, அதைவிட ஏறத்தாழ பதினேழு மடங்கு சிறிய பரப்பில் குவித்துத் திரவத்தை அழுத்துகின்றன. உரத்த ஒலி வரும்போது அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்து அதன் அசைவைக் குறைக்கும் சிறு தசையும் அங்கே உண்டு. ஆயினும் அது இயங்கத் தொடங்க நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. வெடியின் அழுத்தமோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். தசை இறுகும்போது ஒலி உள்ளே சென்று முடிந்திருக்கும். திடீர் வெடியொலி, அதே ஆற்றலோடு தொடர்ந்து வரும் ஒலியைவிடக் கூடுதலாக அஞ்சத்தக்கதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்செவியில் நத்தையின் ஓடுபோல் சுருண்டிருப்பதால் நத்தைச்சுருள் எனப்படும் காக்ளியாவினுள் நீளவாக்கில் அடிச்சவ்வு என்றொரு படலம் ஓடுகிறது. வாயிலருகே குறுகி விறைப்பாகவும் உள்நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கும் இச்சவ்வில், கீச்சொலி வாயிலருகிலும் தாழ்ந்த ஒலி உள்நுனியிலும் உச்ச அலையை எழுப்புகின்றன. இறந்தோரின் உட்செவியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து இதைக் கண்ணால் கண்டவர் கியோர்க் ஃபான் பேகஷி. 1961இல் நோபல் பரிசு பெற்றார். உயிரற்ற செவியில் அசைவைப் பார்க்க அவர் மிக உரத்த ஒலியைச் செலுத்த வேண்டியிருந்தது. உயிருள்ள செவியோ அதைவிடப் பன்மடங்கு நுட்பமாக இயங்கியது. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற புதிருக்கு 1985இல் வில்லியம் பிரௌனெல் குழுவினர் விடை கண்டனர். சவ்வின்மேல் இரு வகை முடிச்செல்கள் உள்ளன. ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 12,000 இருக்கும் புற முடிச்செல்கள் ஒலிக்கேற்பத் தாமே நீண்டு சுருங்கி அதிர்வைப் பெருக்குகின்றன. ஏறத்தாழ 3,500 மட்டுமே இருக்கும் அக முடிச்செல்கள் அதை நரம்புக்குத் தெரிவிக்கின்றன. இறந்த செவியில் இல்லாமற்போனது அந்தப் பெருக்கம்தான்.

இச்செல்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் உயர வரிசைப்படி நிற்கும் நுண்முடிக் கற்றை உண்டு. குட்டையான முடியின் நுனியையும் அதற்கு அடுத்துள்ள உயரமான முடியின் பக்கத்தையும் ஓர் இழை இணைக்கிறது. கதவுத் தாழ்ப்பாளில் நூலைக் கட்டி வெளியிலிருந்து இழுத்தால் தாழ் விலகுவதைப் போல, முடிகள் ஒருபுறம் சாயும்போது இந்த இழை இறுகி, முடிநுனியிலுள்ள நுண்வாயிலைத் திறக்க, மின்னேற்றமுள்ள அணுக்கள் உள்ளே பாய்ந்து செல் கிளர்ச்சியடைகிறது. 1984இல் மின்னணு நுண்ணோக்கியில் இவ்விழைகள் தெளிவாகத் தெரிந்தபோதுதான், கேட்டல் என்பது முதற்கட்டத்தில் நேரடியான இயந்திர நிகழ்வு என்பது உறுதிப்பட்டது. இயந்திரம் என்பதாலேயே அது அறுந்தும் போகும்.

அறுதல் இரண்டு வழிகளில் நேர்கிறது. துப்பாக்கியின் வெடிப்பு செவியருகே 160 டெசிபெலையும் தாண்டும்; அத்தகைய ஒலியில் அடிச்சவ்வின்மேலுள்ள திசுவே பிய்ந்து, முடிகள் உருக்குலைந்து, செல்கள் பெயர்ந்துவிடுகின்றன. அழுத்தம் இன்னும் பல மடங்கு கூடினால் செவிப்பறையும் கிழியும். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். முடிச்செல்லுக்கோ மனிதரில் மறுபிறப்பு இல்லை. குருதி வடிவதால் அச்சமூட்டும் காயம் ஆறுவதும், வெளியே எதுவும் தெரியாத காயம் நிலைப்பதும் செவிக்கே உரிய கொடுமை. இரண்டாவது வழி மெதுவானது. 90 டெசிபெல் அளவிலான இரைச்சல் எதையும் உடனே கிழிப்பதில்லை. இடைவிடாத கிளர்ச்சியில் செல்களின் வளர்சிதை மாற்றம் மிகுந்து, தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே சேர்ந்து, இரைச்சல் நின்ற பிறகும் பல நாட்கள்வரை செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன.

இந்த மெதுவான சேதத்தை எண்ணிக்கையோடு முதலில் காட்டியவர்களுள் ஒருவர் கிளாஸ்கோ நகரின் செவி மருத்துவர் தாமஸ் பார். இரும்புக் கொதிகலன்களுக்குள் அமர்ந்து ஆணிகளை அறைந்திறுக்கும் தொழிலாளர் நூறு பேரையும், ஒப்பீட்டுக்காக வார்ப்புத் தொழிலாளர் நூறு பேரையும், தபால்காரர் நூறு பேரையும் அவர் சோதித்தார். நுட்பமான கேட்புக் கருவிகள் பரவாத அந்நாளில் கடிகாரத்தின் டிக் டிக் ஒலி எவ்வளவு தொலைவுவரை கேட்கிறது என்பதே அளவு. 1886இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, கொதிகலன் தொழிலாளருள் ஒருவருக்கேனும் செவி இயல்பாக இல்லை. பிற்காலத்தில் ஆடியோகிராம் எனப்படும் கேட்புவரைவு வந்தபோது, இத்தகையோரின் வரைவுகளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் பெரும்பாலும் காணப்பட்டது. செவிக்குழாய் 3,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலியைத் தன் நீளத்தாலேயே கூடுதலாக அதிரச் செய்வதும், பலத்த ஒலியின் சேதம் அதன் சுருதிக்குச் சற்று மேலான இடத்தில் விழுவதும் சேர்ந்து இப்பள்ளத்தை உண்டாக்குகின்றன. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருக்க, ச, ஸ போன்ற மெய்களை வேறுபடுத்தும் கூறுகள் உயர்ந்த சுருதிகளில் இருப்பதால், 'பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை' என்ற முறையீடு அங்கிருந்து தொடங்குகிறது.

இனி, ஓரிரவில் மீளும் செவிக்கு வரலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹாலோவெல் டேவிஸ் தலைமையிலான ஹார்வர்டு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் செவியில் 130 டெசிபெல்வரை ஒலியைச் செலுத்தி, கேட்புத் தொடக்கநிலை, அதாவது ஒருவருக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு, எவ்வளவு உயர்கிறது, எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று அளந்தனர். இன்றைய நெறிமுறைகள் ஒருபோதும் இசையாத சோதனை அது. தொடக்கநிலை மீண்டும் பழைய அளவுக்கு வந்ததால் பாதிப்பு தற்காலிகம் என்று கொள்ளப்பட்டது. இரைச்சல் குறித்த தொழிற்சட்டங்கள் பலவும் இந்த அளவுகோலின் மேலேயே எழுந்தன: தொடக்கநிலை நிலையாக உயராதவரை செவிக்குக் கேடில்லை.

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் கண்–செவி மருத்துவமனையில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த அடிப்படையைத்தான் தொட்டது. இளம் எலிகளை 100 டெசிபெல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் இருக்கச் செய்தனர். மறுநாள் அவற்றின் கேட்புத் தொடக்கநிலை வெகுவாக உயர்ந்திருந்தது. இரண்டு வாரத்தில் இயல்புக்கு வந்துவிட்டது. முடிச்செல்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. முந்தைய முறைப்படி ஆராய்ந்திருந்தால் எலிகள் முழு நலம் பெற்றதாகவே எழுதியிருப்பர். ஆனால் அவர்கள் அக முடிச்செல்லும் நரம்பிழையும் சந்திக்கும் நரம்பிணைப்புகளை ஒளிரும் சாயமேற்றி எண்ணினர். உயர் சுருதிப் பகுதியில் அவற்றில் பாதிவரை அழிந்திருந்தன. இரைச்சலுக்குப் பின் ஒரு நாளுக்குள்ளேயே அழிந்திருந்தன. பலத்த கிளர்ச்சியில் முடிச்செல் மிகுதியாகச் சொரியும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் நரம்பு முனைகளை வீங்கவைத்து அறுத்துவிடுவதாகக் கருதப்படுகிறது. இணைப்பை இழந்த நரம்பு உடனே சாவதில்லை. அதன் செல்லுடல் மாதக்கணக்கில் உயிரோடிருந்து மெல்ல மடிகிறது. அறுந்த சில நாட்களில் தேடியவர்களுக்கு நரம்புகள் முழுமையாகவே தெரிந்ததற்கு இதுவே காரணம்.

பாதி இணைப்புகள் போன பின்னும் மெல்லிய ஒலி எவ்வாறு கேட்கிறது? ஒவ்வோர் அக முடிச்செல்லிலும் பத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகள் இணைந்திருக்கின்றன. அமைதியான அறையில் ஓர் ஒலி உண்டா இல்லையா என்று சொல்ல அவற்றுள் சிலவே போதும். பூனைகளின் கேட்பு நரம்பிழைகளில் பெரும்பகுதியை அறுத்த பின்னும் தொடக்கநிலை அதிகம் மாறவில்லை என்று ஹெரால்ட் ஷுக்நெக்ட் 1950களிலேயே காட்டியிருந்தார். கடைத்தெருவின் சந்தடியில் ஒரு குரலைப் பிரித்தறிவதற்கோ ஏராளமான இழைகள் ஒரே வேளையில் அனுப்பும் செய்திகள் வேண்டும். கேட்புவரைவு எடுக்கும் அறை அமைதியாக இருப்பதால், இந்தக் குறை அதில் தெரிவதே இல்லை. மறைந்த கேட்பிழப்பு என்று இது பெயர் பெற்றது. உயிரோடிருக்கும் மனிதரின் நரம்பிணைப்புகளை எண்ண வழியில்லை என்பதால், இறந்த பின் கொடையாகக் கிடைத்த பொட்டெலும்புகளை ஆய்வாளர்கள் நாடினர். முடிச்செல்கள் எஞ்சியிருக்கும் இடங்களிலும் நரம்பிணைப்புகள் பெருமளவு குறைந்திருப்பதை அவற்றில் கண்டனர். எலியின் செவி மனிதச் செவியைவிட எளிதில் ஊறுபடுவது உண்மைதான். அதன் எண்களை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் தொடக்கநிலை மீள்வதே செவி மீள்வதாகும் என்ற பழைய சமன்பாடு உடைந்துவிட்டது.

ரீங்காரத்தையும் இதன் ஒளியில் பார்க்க இயல்கிறது. வெளியே ஒலியே இல்லாதபோது எழும் அவ்வோசையைச் செவி இரைச்சல் என்பர். செவியிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையின் கேட்புப் பகுதி அதை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளில் இயல்பாகவே இருக்கும் சலனம் ஒலியாக உணரப்படுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

முதுமையில் கேட்கும் திறன் குறைவது இயற்கை என்று இதையெல்லாம் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கச் செவி மருத்துவர் சாமுவேல் ரோசன் குழுவினர், இயந்திர ஒலியோ துப்பாக்கியோ அறியாது அன்றைய சூடானின் தென்கிழக்கில் வாழ்ந்த மபான் மக்களைச் சோதித்து 1962இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள முதியோரின் செவி தொழில் நகரங்களின் முதியோருடையதைவிட மிகக் கூர்மையாக இருந்தது. உணவும் வாழ்க்கைமுறையும் அதில் பங்கு பெற்றிருக்கலாம். ஆயினும் வயதின் கணக்கில் எழுதப்படும் இழப்பில் ஒரு பகுதி இரைச்சலுக்கு உரியது என்று எண்ண அந்த ஆய்வு இடமளித்தது. இழந்ததைத் திரும்பப் பெறும் வழிகளும் தேடப்படுகின்றன. கோழியும் காடையும் அழிந்த முடிச்செல்களைத் தாமே வளர்த்துக்கொள்வது 1980களின் இறுதியில் தெரியவந்தது. நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றை இரைச்சலுக்கு மறுநாள் எலிகளின் உட்செவிக்கு அளித்தபோது அறுந்த இணைப்புகள் ஓரளவு மீண்டும் உருவாயின. மனிதருக்கு இவை இன்னும் மருத்துவமாகவில்லை.

ஆதலால் தடுப்பு ஒன்றே கைக்கு எட்டிய வழி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நாளொன்றுக்கு 85 டெசிபெலில் எட்டு மணி நேரத்தை எல்லையாகப் பரிந்துரைக்கிறது. அளவு 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பதால், 100 டெசிபெலில் அந்த எல்லை பதினைந்தே நிமிடம். திருவிழா ஒலிபெருக்கிக்கு அருகே ஒரு மாலைப்பொழுது முழுவதும் நிற்பவர் பல நாட்களுக்குரிய பங்கை ஒரே நாளில் பெற்றுவிடுகிறார். காதணிபேசியில் கேட்போருக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. இந்த வரையறைகள் பெரும்பாலும் பழைய தொடக்கநிலை அளவுகோலைச் சார்ந்தவை என்பதால், அவற்றை நெருங்கிச் செல்வதற்குரிய அனுமதியாகக் கொள்ளாமல், விலகி நிற்க வேண்டிய எல்லையாகக் கொள்வதே அறிவுடைமை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் வழக்கம் தரும் பாதுகாப்பு மிகச் சொற்பம். நுரைச்செவியடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேல்நோக்கி இழுத்துச் செவிக்குழாயை நேராக்கி, உள்ளே செலுத்தி, அது விரிந்து முடியும்வரை பிடித்திருந்தால் 20 டெசிபெலுக்கு மேலும் குறைக்க இயலும். அதில் 9 டெசிபெல் மட்டுமே கிடைத்தாலும், ஒரு மணி நேரத்தில் செவிக்கு வந்து சேரும் ஆற்றல் எட்டு மணி நேரத்துக்குப் பரந்துவிடும்.